புதுப்பிப்பு: தாடி இருபுறமும் ஒரே அளவில் அமையாததன் காரணம்

டிரிம்மரில் 5 மி.மீ. சீப்பைப் பொருத்தி வெட்டியும் இடத் தாடையோரத்துத் தாடி வலப்புறத்தைவிட நீண்டே தெரிகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். கத்தி மழுங்கிவிட்டது என்ற என் ஊகம் தவறு. முடி வளரும் திசையே காரணம்.

இடத் தாடையின் கீழ் எனக்கு முடி காதை நோக்கிச் சாய்ந்து வளர்கிறது. இருபுறமும் டிரிம்மரை மேல்நோக்கியே நகர்த்தியதால், அங்கே முடி படுத்துக்கொண்டு, சீப்புக்கு அடியில் வெட்டுப்படாமல் நழுவியிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் தடவும்போது சொரசொரப்புத் தட்டுகிறதோ அந்தப் பக்கமாகவே, அதாவது வளர்ச்சிக்கு எதிராக, மெதுவாக ஓட்டியபோது இரு கன்னங்களும் ஒத்துவந்தன. எனக்கு அது பெரும் நிறைவைத் தந்தது.

ஈரத் தாடியை வெட்டுவதையும் நிறுத்திவிட்டேன். ஈரத்தில் முடி நீண்டு ஒட்டிக் கிடப்பதால், உலர்ந்தபின் எண்ணியதைவிடக் குட்டையாகிவிடுகிறது. முதலில் 7 மி.மீ. சீப்பால் முழுவதும் ஓட்டிவிட்டு 5-க்கு இறங்குவதே பாதுகாப்பானது, ஏனெனில் குறைந்ததைக் கூட்ட வழியில்லை.

மீசையின் உதட்டோரத்துக்குச் சிறு கத்தரிக்கோலே சிறந்தது என்று கருதுகிறேன். மோவாயின் கீழுள்ள சுழியில் மட்டும் இன்னும் மூன்று திசைகளில் ஓட்டவேண்டியிருக்கிறது.