திறந்த கிணற்றில் மழைநீர் விட்ட அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சேர்வராயன் மலை அடிவாரம், காடையாம்பட்டி பக்கம் எங்கள் ஊர். பெரும்பாலும் ஒன்றிரண்டு ஏக்கர்காரர்கள். மரவள்ளி, நிலக்கடலைதான் வெள்ளாமை.

மழை பெய்யாமல் இல்லை. ஒரே நாளில் கொட்டித் தீர்த்து, செந்தண்ணீராக ஓடையில் இறங்கி, சரபங்கா ஆற்றுக்குப் போய்விடுகிறது. பங்குனியில் மோட்டார் போட்டால் அரை மணி நேரத்தில் கிணறு வற்றிவிடுகிறது. போர் போடலாம்தான். ஆனால் அடியில் கருங்கல் பாறை. வெடிப்பு சிக்கினால் தண்ணீர், இல்லையென்றால் வெறும் புழுதி. கடன் மட்டும் நிச்சயம்.

ஒரு ஏக்கரில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே சுமார் 40,000 லிட்டர். அதில் ஒரு பங்கையாவது பழைய கிணறுகளுக்குள் விடலாம் என்று நாலைந்து பேர் சேர்ந்து பேசியிருக்கிறோம். வடிகட்டும் குழியில் கீழே பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். சரி, செம்மண் சேறு ஒரே மழையில் மணலை அடைத்துவிடாதா? முன்னால் வண்டல் படியத் தனிக்குழி வெட்டியவர்கள் என்ன அளவு வைத்தீர்கள்?

என் பெரிய கவலை வேறு. உரமும் பூச்சிமருந்தும் கலந்த காட்டுத் தண்ணீர் கிணற்றில் இறங்கும். அதே கிணற்றில் குடிக்க எடுக்கும் வீடுகளும் உண்டு. அந்தக் கிணறுகளை விட்டுவிடுவதா, முதல் மழையை மட்டும் வெளியே திருப்பினால் போதுமா?

அப்புறம், சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியம் இருக்கிறது. பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கும் குடும்பங்கள் அதை வாங்கியிருந்தால், என்ன காகிதம் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். குழியின் படம் இருந்தால் அதையும் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும்.