உடைந்த கண்ணாடி, பழைய பேட்டரி எல்லாம் எந்தத் தொட்டியில்?

கேள்வி:
மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத்தான் வைக்கிறோம், அது வரைக்கும் சரி. உடைந்த டம்ளர், உயிர்போன செல்போன் பேட்டரி, காலாவதியான மாத்திரை இதையெல்லாம் எதில் போடுவது? எண்ணெய் ஊறிய அட்டைப்பெட்டியை வேறு குப்பை வண்டிக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதில் 1:
பேட்டரியை மட்டும் எந்தத் தொட்டியிலும் போட்டுவிடாதீர்கள். லித்தியம் பேட்டரி வண்டிக்குள் நசுங்கினால் உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும், மொத்தக் குப்பையும் சேர்ந்து எரியும். முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் சேர்த்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். அப்புறம், பழைய குழல்விளக்கையும் உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது.

பதில் 2:
கண்ணாடியைத் தடிமனான பேப்பரில் சுற்றி, மேலே ‘கண்ணாடி’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பையைக் கையால் பிரிக்கிறவருக்குத்தானே விரல் கிழியும்.

பதில் 3:
அட்டையில் எண்ணெய் படாத பாகத்தைக் கிழித்து மறுசுழற்சிக்குப் போடலாம். எண்ணெய் பட்டது காகிதக் கூழையே கெடுத்துவிடும், அதனால்தான் வாங்க மறுக்கிறார்கள். மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள், சுத்திகரிப்பு நிலையம் எல்லா மருந்தையும் பிரித்தெடுக்காது. மருந்துக்கடையில் திரும்ப வாங்குவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி. பேட்டரிக்கு இப்போதே டப்பா தேடுகிறேன்.