கப்பல் குரோனோமீட்டர் ஓடிக்கொண்டே இருந்து நின்றுவிடுகிறது: உதவி தேவை

நங்கூரம்:
அனைவருக்கும் வணக்கம். பழைய பாக்கெட் கடிகாரங்களைச் சேர்த்து வருகிறேன். கப்பல் குரோனோமீட்டர், அதாவது நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க மாலுமிகள் வைத்திருந்த துல்லியக் கடிகாரம், கைக்கு வந்தது இதுவே முதல் முறை. இரண்டு நாள் ஓடும் ஆங்கிலேயத் தயாரிப்பு. மரப்பெட்டி, பித்தளைக் கிண்ணம், கப்பல் ஆடினாலும் கிண்ணத்தைச் சமமாக நிறுத்தும் கிம்பல் வளையம், சாவி எல்லாம் உடன் இருக்கின்றன. டயலில் உள்ள எண்ணும் பெட்டியில் பதித்த தகட்டின் எண்ணும் ஒன்றே.

சாவி கொடுத்துவிட்டுப் பெட்டியைச் சட்டென்று கால்வட்டம் திருப்பினால் ஓடத் தொடங்குகிறது. நொடிமுள் அரை நொடிக்கு ஒரு தாவலாக நகர்கிறது. கேட்கவே சுகமான ஒலி. ஆனால் சில மணி நேரத்திலோ ஒரு நாள் கழித்தோ நின்றுவிடுகிறது. மறுபடி திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல் ஓடுகிறது. ஓடுவதற்கு விசை தரும் மெயின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா? எண்ணெய் வறண்டதா?

கூடவே ஒரு சிறு சந்தேகம்: இதனுடன் ஒரு தங்க பாக்கெட் கடிகாரமும் வந்தது. உள்மூடியில் பிரெஞ்சில் குரோனோமீட்டர் என்று பொறித்திருக்கிறது. அதுவும் இதே இனமா?

மணிக்கூண்டு:
எண்ணெய்தான் காரணமாக இருக்கும். துரு நீக்கும் ஸ்பிரே சிறிது அடித்துப் பாருங்கள்.

சாவிக்கொத்து:
தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். இதில் இருப்பது தாமஸ் எர்ன்ஷா வடிவமைத்த ஸ்பிரிங் டிடென்ட் அமைப்பு. அதன் பெரிய நன்மையே எஸ்கேப் சக்கரத்தின் பற்களுக்கு எண்ணெய் தேவையில்லை என்பதுதான். அந்த டிடென்ட், எஸ்கேப் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் ஒரு மெல்லிய எஃகு நாக்கு. அதன் முதுகில் முடியைப்போன்ற தங்க ஸ்பிரிங் ஒட்டியிருக்கும். அங்கே பிசுக்கு ஏறினால் ஓட்டமே கெட்டுவிடும். நூறாண்டுகளுக்கு மேல் பிழைத்து வந்த பொருள், நம் கையில் ஏன் பாழாக வேண்டும்?

நங்கூரம் ஐயா, இரண்டு விவரங்கள் தேவை. நிற்கும்போது 12 மணிக்குக் கீழே உள்ள சிறு முள் எந்த எண்ணைக் காட்டுகிறது? அடுத்து, நின்ற நேரத்தில் மணிமுள்ளும் நிமிடமுள்ளும் எங்கே இருந்தன? நின்றவுடன் திருப்பி ஓட்டாமல் முதலில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நங்கூரம்:
குறித்துப் பார்த்தேன். சிறு முள் ஒருமுறை 5, ஒருமுறை 17, இன்னொருமுறை 31 என்று காட்டியது. நேரம் 2.31, 7.30, 10.29. இப்போதுதான் கவனிக்கிறேன், எல்லாமே அரைமணியை ஒட்டியே இருக்கின்றன!

சாவிக்கொத்து:
அருமை. கடிகாரம் தன் நோயைத் தானே சொல்லிவிட்டது.

அந்தச் சிறு முள், சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைக் காட்டுவது. 0 என்றால் முழுச் சாவி, 56 என்றால் தீர்ந்துவிட்டது. உங்களுடையது 5-லும் நிற்கிறது, 31-லும் நிற்கிறது. ஆகவே மெயின் ஸ்பிரிங்கையோ, அதன் விசையைப் பியூசி என்னும் கூம்புக்குக் கடத்தும் சங்கிலியையோ முதலில் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் தளரத் தளர விசை குறையாமல் சமன்செய்வதற்கென்றே பியூசி கூம்பு இருக்கிறது.

இனி அரைமணிக்கு வருவோம். நொடிமுள்ளின் சிறு டயல் 6 மணி இருக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது. நிமிடமுள் சரியாக 30-இல் இருக்கும்போது நொடிமுள்ளின் அச்சுக்கு நேர் மேலே கடக்கும். நிமிடமுள் சற்றுத் தாழ்ந்திருந்தாலோ, நொடிமுள் மேலெழும்பி இருந்தாலோ, அந்த அச்சின் குமிழில் உரசும். டிடென்ட்டுக்குப் பதிலாகக் கவைபோன்ற லீவர் உள்ள சாதாரணக் கடிகாரமாக இருந்தால் உரசல் விட்டதும் பெரும்பாலும் தானே மீண்டும் ஓடிவிடும். டிடென்ட் அமைப்பு தானாகப் புறப்படாது. முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் பேலன்ஸ் சக்கரம் ஒருமுறை நின்றால் நின்றதுதான். நீங்கள் பெட்டியைத் திருப்பினால்தான் ஓடுகிறது என்பது அதன் இயல்பு, பழுதல்ல.

நங்கூரம்:
இதை உறுதி செய்துகொள்ள நான் என்ன பார்க்கலாம்?

சாவிக்கொத்து:
கிம்பல் பூட்டைப் போட்டுவிட்டு, கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றுங்கள். முள்ளைத் திருத்தவே அப்படிக் கழற்றுவது வழக்கம். ஒன்றை மறக்க வேண்டாம்: வளையம் கழன்றபின் இயந்திரத்தைக் கிண்ணத்தில் பிடித்து வைப்பது எதுவும் இல்லை. அந்த நிலையில் கிண்ணத்தைச் சாய்த்தாலோ கவிழ்த்தாலோ மொத்தமும் மடியில் விழும்.

டயலுக்கு அப்பால் எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தி, கண் மட்டத்தில் பக்கவாட்டில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். நிமிடமுள்ளுக்கும் குமிழுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும். முள்ளின் அடிப்பக்கத்தில் நீல நிறம் தேய்ந்து எஃகு பளிச்சிடுகிறதா என்றும் பாருங்கள்.

நங்கூரம்:
உரசல் இருக்கிறது ஐயா! கீற்றே தெரியவில்லை. நிமிடமுள்ளின் அடியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி மின்னுகிறது. நானே முள்ளைச் சற்று மேலே வளைத்துவிடலாமா?

சாவிக்கொத்து:
வேண்டாம். நீலம் பாய்ச்சிய முள் எளிதில் முறியும். டிடென்ட் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். தெரிந்தவர் என்று அழுத்திச் சொல்கிறேன்: ஸ்பிரிங்கில் விசை இருக்கும்போதே பேலன்ஸைக் கழற்றினால் சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் சுழன்று பற்களும் டிடென்ட்டும் சேதமாகும். கைக்கடிகாரம் மட்டுமே பார்த்துப் பழகிய பலருக்கு இது தெரிவதில்லை. அவரிடமே முழுமையாகச் சுத்தமும் செய்யச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது சுத்தம் செய்தது என்பது தெரியாத நிலையில் ஓட்டுவது அச்சுமுனைகளைத் தேய்க்கும்.

எடுத்துச் செல்லும்போது முழுவதும் ஓடித் தீரவிட்டு, பேலன்ஸ் சக்கரத்தின் அடியில் மெல்லிய கார்க் சீவல்களைச் செருகிய நிலையில் கொண்டுபோக வேண்டும். சீவலை அவரையே வந்து வைக்கச் சொன்னால் நல்லது.

படிகம்:
தங்கக் கடிகாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். உள்மூடியில் உள்ள அந்தச் சொல்லை நம்பி முடிவு செய்ய வேண்டாம். லீவர் கடிகாரங்களிலும் அதைத் தாராளமாகப் பொறித்தார்கள். மூடியைத் திறந்து எஸ்கேப்மென்ட்டை, அதாவது எஸ்கேப் சக்கரமும் அதை விடுவிக்கும் துண்டும் சேர்ந்த பகுதியைப் பாருங்கள். கவைபோன்ற துண்டு ஒன்று ஆடினால் அது லீவர்தான்.

தங்கத்துக்கு ஒவ்வொரு மூடியிலும் தனித்தனியாக முத்திரையைத் தேடுங்கள். வெளிமூடிகள் 18 காரட்டாக இருந்தும் உள்மூடி வெறும் பித்தளையாக இருப்பது சர்வசாதாரணம். சுவிட்சர்லாந்தின் பழைய 18 காரட் உறைகளில் ஹெல்வெஷியா என்னும் பெண் தலை இருக்கும், 14 காரட்டில் அணில். அமெரிக்க உறையில் 20 ஆண்டு, 25 ஆண்டு உத்தரவாதம் என்று இருந்தால் அது தங்கத் தகடு போர்த்திய உறை. பாலிஷ் மட்டும் போடாதீர்கள், முத்திரையின் விளிம்புதான் முதலில் தேயும்.

நங்கூரம்:
இருவருக்கும் மிக்க நன்றி. பழுதுபார்ப்பவர் நிமிடமுள்ளைச் சரியான உயரத்தில் அமர்த்தி, சுத்தமும் செய்துகொடுத்தார். இப்போது அரைமணியைத் தாண்டி நிற்காமல் ஓடுகிறது. பாக்கெட் கடிகாரம் லீவர்தான். உறை 18 காரட், உள்மூடி பித்தளை. படிகம் சொன்னபடியே!

ஒரே குறை, குரோனோமீட்டர் நாளுக்கு மூன்று நொடி முந்துகிறது. மறுபடி கொடுத்துத் திருத்த வேண்டுமா?

சாவிக்கொத்து:
தினமும் அதே மூன்று நொடியா? அப்படியானால் தொடாதீர்கள். மாலுமிக்குத் தேவைப்பட்டது பிழையே இல்லாத ஓட்டம் அல்ல, மாறாத ஓட்டம். நாள் வேறுபாடு தெரிந்தால் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். தெரியாமல் போகும் 4 நொடி, தீர்க்கரேகையில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல். ஒன்றை மட்டும் நம்பாமல் பலவற்றை ஒப்பிட்டுப் பார்க்கவும் செய்தார்கள். 1831-இல் பீகிள் கப்பல் 22 குரோனோமீட்டர்களுடன் புறப்பட்டது.

தினமும் ஒரே வேளையில், கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்து, இடப்பக்கமாக ஏழரைச் சுற்று சாவி கொடுங்கள். கடைசிச் சுற்றில் கை மெதுவாகப் போகட்டும், அங்கே தடுப்பு இருக்கிறது. வேறுபாட்டை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். வெயில் காலத்தில் ஒரு மாதிரியும் குளிரில் ஒரு மாதிரியும் எண்கள் நகர்ந்தால் இங்கே பதியுங்கள், வெப்பம் மாறினாலும் ஓட்டம் மாறாமல் காக்கும் பேலன்ஸின் வெப்ப ஈடு பற்றிப் பேசலாம்.