அபு க்ளீ போர்: சதுர வியூகம் உடையவே மாட்டேன் என்கிறது

சூடானில் 1885 ஜனவரி 17 அன்று நடந்த அபு க்ளீ போரை மேசையில் மினியேச்சர் பொம்மைகளை வைத்து ஆடுகிறோம். இதுவரை மூன்று ஆட்டம். மூன்றிலும் மஹ்தி படை (மஹ்தி என்ற மதத் தலைவரின் கீழ் போரிட்ட சூடானியர்கள்) பிரிட்டிஷ் சதுரத்தை, அதாவது நாலு பக்கமும் வெளியே பார்த்து நிற்கும் வீரர்களின் வியூகத்தை, தொடும் முன்பே காலி. நிஜத்தில் சதுரத்தின் இடது பின்மூலை திறந்துகொண்டது, அந்த வழியாக உள்ளே புகுந்துவிட்டார்கள்.

28 மி.மீ. பொம்மைகள், ஆறுக்கு நாலு அடி மேசை, விதிகள் நாங்களே எழுதியவை. ஒரு பொம்மை 20 பேர். பிரிட்டிஷ் தளபதி ஸ்டூவர்ட்டின் சுமார் 1,400 பேருக்கு 70 பொம்மை, மஹ்தி பக்கம் 180 (இதற்கு மேல் வண்ணம் பூச எனக்குத் தெம்பில்லை). துப்பாக்கி எட்டும் தூரம் 24 அங்குலம், ஈட்டிக்காரர்கள் ஒரு சுற்றுக்கு 8 அங்குலம்.

வேகத்தை 12 ஆக்கினேன், சதுரம் இரண்டே சுற்றில் நாசம். சரி என்று பழைய வேகத்துக்கே திரும்பி, ஓடைப்பள்ளத்தில் அவர்களை ஒளித்து வைத்தேன், கொஞ்சம் தேவலை. பிரிட்டிஷாரின் கார்ட்னர் துப்பாக்கி (கைப்பிடியைச் சுற்றிச் சுடும் பழைய இயந்திரத் துப்பாக்கி) பகடையில் 1 விழுந்தால் சிக்கிக்கொள்ளும் என்றும் வைத்தாயிற்று. நிஜத்தில் அதைச் சதுரத்துக்கு வெளியே கொண்டுபோனார்கள், அங்கே சிக்கிக்கொண்டது. ஆனால் வரலாறு தெரிந்த என் நண்பர் அந்தத் துப்பாக்கியைச் சதுரத்தை விட்டு வெளியே எடுப்பதே இல்லை. சதுரத்துக்குள் இருக்கும் ஒட்டகங்கள் பின்தங்கினால் மூலை திறக்கும் என்பதும் அவருக்குத் தெரியும், அதனால் ஆமை வேகத்தில்தான் நகர்த்துகிறார். அப்புறம் எங்கே இடைவெளி விழும்?

அடுத்த ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. முன்கூட்டியே தெரிந்த ஆட்டக்காரரால் தவிர்க்க முடியாதபடி, அதே சமயம் ஒவ்வொரு முறையும் கட்டாயம் நடந்தே தீரும் என்றும் இல்லாமல், அந்த இடைவெளியை விதியில் எப்படிக் கொண்டுவருவது?