ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்

மருந்தியல் ஆய்வு மாணவி:

எலிகளுக்கு நாங்கள் கொடுத்த மருந்து, கிலோ எடைக்கு 50 மைக்ரோகிராம். வரைவில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அனுப்புவதற்கு முந்தின இரவு இதழின் விதிமுறையைப் பார்த்து, மொத்தக் கோப்பையும் தேர்ந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமன், 12 புள்ளி, இரட்டை வரி இடைவெளிக்கு மாற்றிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் அச்செடுத்த தாளைப் படித்த சீனியர் அக்கா, பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, "ஏம்மா, எலிக்கு 50 மில்லிகிராமா குடுத்தீங்க?" என்று கேட்டார்.

மைக்ரோவைக் குறிக்கும் மியூ (µ) எழுத்துக்காக நான் 'எம்' தட்டி, அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் சிம்பல் எழுத்துரு வைத்திருந்தேன். சிம்பலில் 'எம்' மியூவாகத் தெரியும். எழுத்துரு மாறியதும் அது பழையபடி 'எம்' ஆகிவிட்டது. பதினொரு இடங்களில் மருந்தளவு ஆயிரம் மடங்கு கூடியிருந்தது. மில்லிகிராமும் சரியான அலகுதானே, அதனால் பிழைதிருத்தி எதையும் காட்டவில்லை. அதை நம்பி யாராவது அடுத்த சோதனையைச் செய்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது எழுத்துரு மாறினாலும் 'எம்' ஆகிவிடாத யூனிகோடு மியூவைத்தான் செருகுகிறேன். கோப்பைப் பதிவேற்றியதும் இதழின் தளம் உருவாக்கித் தரும் பிடிஎஃபில் அலகுகளுக்காக மட்டும் தனியாக ஒரு முறை படிக்கிறேன். அதற்குப் பிறகுதான் ஒப்புதல் கொடுக்கிறேன்.

மரபணுவியல் ஆய்வகத்திலிருந்து:

எனக்கு நடந்தது அட்டவணையில். துணைக் கோப்பாக ஒரு மரபணுப் பட்டியல் இணைத்திருந்தோம். மதிப்பாய்வாளர் ஒருவர், "2-செப் என்று ஒரு மரபணு இருக்கிறதே, அது எது?" என்று கேட்டிருந்தார். செப்ட்2 என்ற மரபணுவின் பெயரை விரிதாள் செப்டம்பர் 2 என்று தேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' என்று பிற்பாடு மாற்றினாலும் பெயர் திரும்பி வராது, ஐந்து இலக்க எண் ஒன்றுதான் வரும். முதலிலேயே டெக்ஸ்ட் என்று குறித்துவிட்டுத் தரவை இறக்க வேண்டும்.

2016இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு, எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாகச் சொன்னது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே 2020இல் செப்ட்1ஐ செப்டின்1 என்றும், மார்ச்1ஐ மார்ச்எஃப்1 என்றும் மாற்றியது. பழைய தரவுகளில் இன்னும் பழைய பெயர்கள்தான் இருக்கின்றன, அதனால் கவனம் தேவை.

அப்புறம், சாய்வெழுத்தை அலங்காரம் என்று நினைக்காதீர்கள். மனித மரபணு பெரிய எழுத்தில், சாய்வாக. எலியின் மரபணு முதல் எழுத்து மட்டும் பெரிதாக, அதுவும் சாய்வாக. புரதம் நேரெழுத்தில். ஒரே பெயர் மரபணுவைச் சொல்கிறதா புரதத்தைச் சொல்கிறதா என்று படிப்பவருக்கு அதை வைத்துத்தான் தெரியும்.

இன்னொருவர்:

படம் பற்றி ஒரே ஒரு விஷயம். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கேட்கிறார்கள் என்று சின்னப் படத்தை எடுத்து எண்ணை மட்டும் 300 ஆக்கினால் தெளிவு கூடாது. 9 செ.மீ. அகலப் படத்துக்கு ஏறத்தாழ 1,060 பிக்சல் உண்மையிலேயே இருக்க வேண்டும். வரைபடத்தை வரைந்த மென்பொருளிலிருந்தே நேராக எடுங்கள்.

வேதியியல், கோவை:

எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். படிவத்தில் 'லாஸ்ட் நேம்' பெட்டியைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போக முடியவில்லை. வேறு வழி தெரியாமல் அப்பா பெயரை முழுதாகப் போட்டேன். மேற்கோள் பட்டியலில் கடைசிப் பெயர் முழுதாகவும் முதற்பெயர் வெறும் எழுத்தாகவும்தானே வரும்? அப்படியே வந்தது. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். அச்சுப் பிரதியை வாங்கித் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "உன் பேரு எங்கடா?" என்று கேட்டார். ஒற்றை எழுத்தைக் காட்டினேன்.

அடுத்த கட்டுரையில் என் பெயரைக் கடைசிப் பெயராகவும் இனிஷியலை முதற்பெயராகவும் கொடுத்தேன். தேடினால் இரண்டு ஆட்களாகத் தெரிந்தேன். ஆய்வாளர்களுக்கு ஆளுக்கொரு அடையாள எண் தரும் ஆர்கிட்டில் 16 இலக்க எண் வாங்கி, இரண்டு வடிவங்களையும் அதன்கீழ் சேர்த்த பிறகுதான் நிம்மதி. முதல் கட்டுரைக்கு முன்பே இதை முடிவு செய்துகொள்ளுங்கள். கைடிடமும் சொல்லிவையுங்கள், ஏனென்றால் சில சமயம் படிவத்தை நிரப்புவது அவர்தான்.

மருந்தியல் ஆய்வு மாணவி:

அண்ணா, என் கட்டுரை இன்னும் திருத்த நிலையில்தான் இருக்கிறது. போய்ப் பார்த்தேன், நானும் அப்பா பெயரைத்தான் அந்தப் பெட்டியில் போட்டிருக்கிறேன். இப்போது மாற்றலாமா?

வேதியியல், கோவை:

தாராளமாக மாற்றலாம்மா. அச்சுக்குப் போன பிறகுதான் கஷ்டம். திருத்திய வரைவை அனுப்பும்போது முகப்புப் பக்கத்திலும் படிவத்திலும் ஒரே மாதிரி மாற்று, ஆசிரியருக்கான கடிதத்தில் அதை ஒரு வரி சொல்லிவிடு. அச்சுக்கு முன் சரிபார்க்க அனுப்பும் ப்ரூஃப் வந்ததும் முதலில் பெயரைப் பார்.