பெட்டியில் ஐரிஸ் எக்ஸ்ஈ, உள்ளே யுஎச்டி: நால்வரின் லேப்டாப் கிராபிக்ஸ் பட்டறிவுகள்

2021-இல் வீட்டிலிருந்தே வேலை பார்த்த சமயம், இன்டெல் ஐ5-1135ஜி7 சிப் உள்ள லேப்டாப் ஒன்று வாங்கினேன். சிப்புக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸின் பெயராகப் பெட்டியில் 'ஐரிஸ் எக்ஸ்ஈ கிராபிக்ஸ்' என்று போட்டிருந்தது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் வெறும் 'யுஎச்டி கிராபிக்ஸ்'. டிரைவர் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை அழித்துப் போட்டேன். அதிலும் திருப்தி இல்லாமல் விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். அப்போதும் அதே பெயர்.

ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. ரேம் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வழிகளில் ஓடினால்தான் ஐரிஸ் எக்ஸ்ஈ என்ற பெயர் காட்டும், இல்லையென்றால் அதே சிப்புக்கு யுஎச்டி என்று பெயர். இது இன்டெல் வைத்த விதி. என் லேப்டாப்பில் இருந்தது ஒற்றை 8 ஜிபி ரேம்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடவும் முடியாது. இந்த வகை கிராபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது, எல்லாவற்றையும் ரேமிலிருந்துதான் எடுக்க வேண்டும். டிடிஆர்4-3200 ரேம் ஒன்று இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி வரை, இரண்டு இருந்தால் 51.2 ஜிபி வரை வரும். 1135ஜி7-இன் கிராபிக்ஸில் படத்துக்கான கணக்குகளைப் போட இருப்பது 80 யூனிட்கள். பந்தியில் எண்பது பேர் இலை போட்டு உட்கார்ந்திருக்க, ஒரே ஆள் சாம்பார் வாளியோடு ஓடினால் எப்படி இருக்கும்? அந்தக் கதைதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் இன்னொரு 8 ஜிபி வாங்கி வந்து, பின்மூடியைக் கழற்றி, 'டக்' என்று உட்கார வைத்தேன். ஆன் செய்தால் பெயர் ஐரிஸ் எக்ஸ்ஈ ஆகியிருந்தது! வேலோரண்ட் விளையாட்டில் திக்கித் திணறிய காட்சிகள் வழுக்கிக்கொண்டு ஓடின. எக்செல், பிரவுசர் வேலையில் மட்டும் கிராபிக்ஸால் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

*

ஏஎம்டியின் ரைசன் சிப்பிலும் இதே கதைதான் அண்ணே. அங்கே பெயர் மாறாது, அதனால் ஒற்றை ரேமில் ஓடுகிறது என்பதே பலருக்குத் தெரியாது.

என்னிடம் ரைசன் 5 5500யு, அறைத் தோழனிடம் உங்களுடைய அதே 1135ஜி7. இரண்டிலும் இரண்டிரண்டு ரேம். ஜிடிஏ 5 விளையாட்டைப் போட்டுப் பார்த்தோம், சண்டை போடுகிற அளவுக்கு வித்தியாசம் இல்லை. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் விட்டால் என்னுடையது முடிந்து நான் டீ குடித்துவிட்டு வந்த பிறகும் அவனுடையது ஓடிக்கொண்டிருக்கும். 6 கோருக்கும் 4 கோருக்கும் உள்ள வித்தியாசம் அது. கோர் என்பது சிப்புக்குள் தனித்தனியாக வேலை பார்க்கும் பகுதி. ஒற்றைக் கோரை மட்டும் நம்பி ஓடும் வேலைகளில் அவன் கை ஓங்கும். அப்புறம், சார்ஜரைப் பிடுங்கினால் என்னுடையது சட்டென்று சுணங்கும், அவனுடையது அவ்வளவாகச் சுணங்காது. அந்த ஒன்றை வைத்தே வருஷம் முழுக்க என்னைக் கலாய்த்தான்.

*

நான் கல்யாண வீடியோ எடிட் செய்பவன். 8 கோர் என்ற ஒரே காரணத்துக்காக ரைசன் 7 5800எச் வாங்கினேன். பழைய கேமரா ஃபைல்களுக்கு அருமையாகத்தான் இருந்தது. கேமரா மாற்றிய பிறகுதான் வந்தது வினை. புதிய கேமரா தருவது எச்.265, 10 பிட், 4:2:2 ஃபைல்கள். நன்றாகச் சுருக்கியவை, நிற விவரமும் அதிகம், பிரித்துக் காட்டுவது கடினம். முகூர்த்தக் காட்சியை டைம்லைனில் ஓட விட்டால் தாலி கட்டும் கை பாதியில் நிற்கும், பிறகு ஒரே தாவலில் கட்டி முடித்திருக்கும்.

என்னிடம் வேலை பார்க்கும் தம்பியின் 4 கோர் 1135ஜி7-இல் அதே ஃபைல் தங்குதடையின்றி ஓடியதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. காரணம் கோர் எண்ணிக்கை இல்லை. இன்டெல்லின் அந்தத் தலைமுறை கிராபிக்ஸில் இருக்கும் குவிக் சிங்க், இந்த வகை வீடியோவை நேரடியாகவே பிரித்துக் கொடுக்கும். என்னுடையதில் அந்த வசதி இல்லை, மொத்தச் சுமையும் கோர்கள் தலையில் விழும். இப்போது ராத்திரி பிராக்ஸி (எடிட் செய்ய இலகுவான நகல்) போட்டுவிட்டுப் படுத்து, காலையில் எடிட் செய்கிறேன்.

*

அக்கா மகன் காலேஜ் சேர்ந்தபோது 7000 வரிசை என்று பார்த்து ரைசன் 5 7520யு வாங்கிக் கொடுத்தேன். அவன் வகுப்புத் தோழனின் பழைய 5500யு விளையாட்டில் அதை ஓரங்கட்டியது. பிறகுதான் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஏஎம்டியின் அந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் கட்டமைப்பைச் சொல்லும். 2 என்றால் பழைய ஜென் 2, 4 என்றால் புதிய ஜென் 4. 7520யு-வில் 4 கோர், 610எம் கிராபிக்ஸில் 2 கம்ப்யூட் யூனிட். 7840யு-வில் 780எம், அதில் 12. இரண்டும் 7000 வரிசைதான்! படிக்காமல் வாங்கியது என் தப்பு. ரேமும் போர்டிலேயே பற்றவைத்தது, இன்னொன்று சேர்க்க வழியில்லை. மாமா மீது அவனுக்கு இன்னும் கோபம்தான்.

*

முதலில் எழுதியவன் மறுபடியும். ஒற்றை ரேமா என்று எப்படிப் பார்ப்பது எனச் சிலர் கேட்டீர்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் '1 ஆஃப் 2' என்றிருந்தால் ஒரு ஸ்லாட் காலி. உங்களுக்காக எழுதும்போதே மனைவியின் லேப்டாப்பிலும் பார்த்தேன். 1 ஆஃப் 2. மூன்று வருஷமாக அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் ஸ்ப்ரெட்ஷீட் தவிர எதையும் திறப்பதில்லை, அதனால் வாயைத் திறக்காமல் மூடி வைத்துவிட்டேன்.