இங்கிலாந்து சாமர்செட்ல பாத்தது, இன்னும் மனச விட்டுப் போகல – உங்களுக்கும் இருந்தா எழுதுங்க

டான்டன் அக்கா:
மூணு வருஷம் ஆச்சு, அந்தப் பெரியவர் கேட்ட கேள்வி இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் எழுதறேன். வாஸெயில் தெரியும்ல, ஜனவரில ராத்திரி ஆப்பிள் தோட்டத்துல பண்றது. கூட வேலை பாக்கற பொண்ணு கூட்டிட்டுப் போச்சு, மைன்ஹெட் பக்கம், ஜனவரி 17. 1752ல காலண்டர மாத்தி 11 நாள வெட்டினாங்கல்ல, புதுக் கணக்குல ஜனவரி 6ல வர்றது பழைய கணக்குல 17ல வருது, இந்தப் பக்கத்து ஜனங்க பழைய கணக்க விடல, அதனால இன்னிக்கும் 17தான்.

பூட்ஸ் முழுக்க சேறு, மூச்சு விட்டா புகை. தோட்டத்துலயே வயசான மரத்தச் சுத்தி எல்லாரும் நின்னு பாட்டுப் பாடி, வீட்டுல இருந்து கொண்டு வந்த வாணலி, தகர டப்பா எல்லாத்தையும் போட்டுத் தட்டறாங்க, துப்பாக்கிய எடுத்து கிளைக்கு நடுவுல வானத்தப் பாத்து சுடறாங்க, மரத்துல இருக்கற கெட்டது ஓடணும், தூங்கிட்டு இருக்கற மரம் முழிக்கணும்னு. வேர்ல சைடர, அதான் ஆப்பிள் மது, ஊத்தினாங்க. அப்புறம் சைடர்ல நனைச்ச டோஸ்ட்ட கிளையில வைக்கணும், அது ராபின் குருவிக்கு, அந்தக் குருவிதான் மரத்துக்குக் காவல்னு சொல்றாங்க. என் பொண்ணுக்கு அப்போ ஏழு வயசு, ஒரு பெரியவர் அவள அப்படியே தூக்கி கிளை கிட்ட பிடிச்சாரு, கை நடுங்குது, ஆனா இறக்கவே இல்ல, அவ மெதுவா ரெண்டு கிளை பிரியற இடத்துல டோஸ்ட்ட சொருகற வரைக்கும் பிடிச்சிட்டே இருந்தாரு. டோஸ்ட்ல இருந்து சைடர் சொட்டி அவர் சட்டைக் கைக்குள்ள போகுது.

இறக்கி விட்டுட்டு எங்கிட்ட கேட்டாரு, உங்க ஊர்ல மரத்துகிட்ட என்ன சொல்லுவீங்கன்னு. நான் "ஒண்ணும் சொல்ல மாட்டோம்"னுட்டேன். அவரும் தலையாட்டிட்டு நகந்துட்டாரு.

காருல திரும்பி வரும்போதுதான் சுரீர்னு ஞாபகம் வருது. எங்க பாட்டி. கொல்லையில காய்க்காத மாமரத்துக்கு முன்னாடி தாத்தா அருவாளோட போய் நிப்பாரு, "இது வேலைக்காவாது, வெட்டிடறேன்"னு ஒரு கொத்து கொத்துவாரு, பாட்டி ஓடி வந்து மரத்தக் கட்டிப் பிடிச்சிட்டு "வேணாங்க, விட்டுடுங்க, வர்ற வருஷம் காய்ச்சிடும்"னு மரத்துக்காக கெஞ்சும். சின்ன வயசுல நான் நேர்ல நின்னு பாத்தது இது! எப்படி ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்? அந்த மனுஷன் அவ்ளோ ஆசையா கேட்டாரு.

வெல்ஸ்வாசி:
அக்கா அருமை. ஒரே ஒரு விஷயம், எல்லா தோட்டத்துலயும் 17 கிடையாது, சில இடத்துல ஜனவரி 5, 6லயே முடிச்சிடுவாங்க, சில பேரு பக்கத்துல வர்ற சனிக்கிழமைக்கு வச்சுக்கறாங்க. யாராச்சும் 17னு நம்பிப் போய் இருட்டுல நிக்க வேணாம்.

என்னோடது சின்னது. வெல்ஸ் கதீட்ரல் கடிகாரம். 1390 வாக்குல செஞ்சது, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மேல குதிரை வீரங்க சுத்தி வந்து ஈட்டியோட மோதுவாங்க, ஒவ்வொரு தடவையும் அதே வீரன்தான் விழுவான். என் பையன் (அஞ்சு வயசு) முதல் தடவை சிரிச்சான், அடுத்த பதினஞ்சு நிமிஷம் காத்திருந்து பாத்தான், மூணாவது தடவை மணி அடிக்கறப்போ சத்தமா "குனி, குனி"னு கத்தினான். கதீட்ரல்ல அவ்ளோ அமைதி, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. அங்க உதவிக்கு நிக்கற ஒரு அம்மா வந்து திட்டப் போறாங்கன்னு நெனச்சேன். அவங்க மண்டி போட்டு அவன் காதுல "நானும் உன் வயசுல இதையேதான் சொன்னேன்"னாங்க. 600 வருஷத்துக்கு மேல அந்த வீரன் விழுந்துட்டே இருக்கான். என் பையன் இப்போ பத்தாவது படிக்கறான், இப்பவும் போனா அந்த இடத்துல நின்னு ஒரு தடவை பாக்காம வர மாட்டான்.

பாலாடை:
நான் செடார் ஊர் சீஸ் பத்தி சொல்லணும். எல்லாரும் சூப்பர்மார்க்கெட்ல வாங்கற அதே செடார்தான், ஆனா அந்தப் பேரு அந்த ஊரோடது, பேருக்கு மட்டும் பாதுகாப்பு இல்லாததால உலகத்துல யார் வேணா செடார்னு போட்டுக்கலாம். "வெஸ்ட் கன்ட்ரி ஃபார்ம்ஹவுஸ் செடார்"னு போட்டா மட்டும்தான் சாமர்செட், டெவன், டார்செட், கார்ன்வால்ல செஞ்சு குறைஞ்சது 9 மாசம் வச்சிருக்கணும்.

ஒரு பண்ணையில சீஸ் செய்யறத முழுசா பாத்தேன். திரிஞ்ச பால் கெட்டியானதும் தலகாணி மாதிரி பாளம் பாளமா வெட்டி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு கீழ இருக்கறத மேல, மேல இருக்கறத கீழன்னு திருப்பி திருப்பி வைக்கறாங்க, அதோட எடையிலயே தண்ணி வடியணும்னு. இந்த வேலைக்கே பேரு செடாரிங்.

ஆனா எனக்கு நிக்கறது அது இல்ல. உள்ள சீஸ் ரூம்ல, அரிசி மூட்டையில குத்தூசி குத்தி அரிசி பாப்பாங்கல்ல, அதே மாதிரி ஒரு கருவி. அந்த அம்மா முதல்ல அதோட பிடியால சீஸ் மேல தட்டித் தட்டி காத வச்சுக் கேட்டாங்க, நாம தேங்காய் தட்டிப் பாக்கற மாதிரியே. அப்புறம் குத்தி, திருகி, ஒரு விரல் நீளத்துக்கு உருவி எடுத்து, முகர்ந்து பாத்து, நுனியில துளி கிள்ளி எனக்குக் குடுத்துட்டு மிச்சத்த அப்படியே அந்த ஓட்டைக்குள்ள திரும்ப சொருகி மேல கட்டை விரலால சீஸையே தடவி மூடிட்டாங்க. ஓட்டை இருந்த இடமே தெரியல. தட்டினப்போ என்ன கேட்டுச்சுன்னு கேட்டேன். "இன்னும் நாலு மாசம்"னாங்க. அவ்ளோதான் பதில். எதக் கேட்டாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல, வீட்டுல சீஸ் வாங்கினா நானும் தட்டிப் பாக்கறேன்.

சைவம் 72:
பாலாடை தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க, ஆனா முக்கியமான ஒண்ண விட்டுட்டீங்க, நம்மாளுங்க நிறைய பேரு தெரியாமலே சாப்பிடறாங்க அதனால சொல்றேன். பால கெட்டியாக்கறதுக்கு போடற ரென்னட் பழைய முறையில கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கறது. எல்லாமே அப்படி இல்ல, இப்போ நிறைய கம்பெனி சைவ ரென்னட்தான் போடறாங்க, ஆனா பாரம்பரிய முறைன்னு பெருமையா போட்டிருக்கற சீஸ்ல கன்னுக்குட்டி ரென்னட் இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்தது துணி. மேல துணி சுத்தின செடார் இருக்குல்ல, அந்தத் துணிய ஒட்ட வைக்கறதே பன்னிக் கொழுப்புலதான், சில இடத்துல வெண்ணெய் போடுவாங்க. கடையில நேரா ரெண்டு கேள்வி கேளுங்க, ரென்னட் எது, துணிக்கு எது தடவினீங்கன்னு. முகம் சுளிக்காம சொல்லுவாங்க, நான் கேட்ட எல்லா இடத்துலயும் சொன்னாங்க. பாக்கெட்ல சைவ முத்திரை இருந்தா நிம்மதி. குழந்தைங்க பள்ளிக்கூட டப்பாவுல போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கோங்க. எனக்கு சொல்லிக்கற மாதிரி அனுபவம்னு ஒண்ணும் இல்ல, க்ளாஸ்டன்பரி டோர்ங்கற குன்று ஏறினேன், காத்து பயங்கரம், மேல கூரை இல்லாத கோபுரம்.

குகை மனுஷன்:
செடார் போயிட்டு சீஸோட திரும்பிட்டா எப்படி? அதே ஊர் காஃப்ஸ் குகையிலதான் 1903ல செடார் மனுஷன் எலும்புக்கூடு கிடைச்சது, கிட்டத்தட்ட 10,000 வருஷம் பழசு. ஒரிஜினல் லண்டன்ல இருக்கு, குகையில நகல். 2018ல டிஎன்ஏ பாத்துட்டு ஆளு கருப்பு, கண்ணு நீலம்னு சொன்னாங்க. 1997லயே அதே ஊர் வரலாறு வாத்தியார் ஒருத்தரோட டிஎன்ஏ அம்மா வழியில பொருந்திப் போச்சு, குகையில இருந்து நடக்கற தூரத்துல பாடம் எடுத்துட்டு இருந்திருக்காரு மனுஷன்.

என் பொண்ணு அப்போ நாலாவது. அந்த வாரம்தான் வகுப்புல ஒரு பையன் "நீ நிஜமாவே எந்த ஊரு"ன்னு கேட்டுருக்கான், அவ இங்கேயே பிறந்தவ, டான்டன் ஆஸ்பத்திரில. வீட்டுக்கு வந்து எதுவும் பேசல. செடார்ல அந்த மனுஷனோட முகப் படத்துக்கு முன்னாடி நின்னா, நான் விளக்கம் படிச்சிட்டு இருந்தேன், திரும்பிப் பாத்தா ஸ்வெட்டர் கைய முழங்கை வரைக்கும் ஏத்திட்டு அவ கைய அந்தப் படத்து கன்னத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு இருக்கா. ஒரு வார்த்தை பேசல. நானும் பேசல. ஸ்வெட்டர இறக்கி விட்டுட்டு "போலாம்பா"ன்னா.

வெல்ஸ்வாசி:
குகை மனுஷன் சார், படிச்சதும் நெஞ்சு கனத்துடுச்சு. ஆனா தகவல் சரியா இருக்கட்டும், ஆராய்ச்சி பண்ணவங்க சொன்னது "கருத்த தோலா இருந்திருக்க வாய்ப்பு அதிகம்"னு, அறுதியா இல்ல.

குகை மனுஷன்:
வாய்ப்பு அதிகம்னே வச்சுக்கோங்க சார். எம் பொண்ணுக்கு அது போதும்.

நைட் ஷிஃப்ட்:
பிரிட்ஜ்வாட்டர் கார்னிவல் பத்தி யாருமே சொல்லல! நவம்பர் முதல் சனிக்கிழமை. 1605ல பார்லிமென்ட்டுக்கு வெடி வைக்கப் பாத்து மாட்டினாங்களே, அந்தக் கதைய வச்சு ஆரம்பிச்சது. ஒரு வண்டி 100 அடி நீளம் வரைக்கும், ஆயிரக்கணக்கான பல்பு, ட்ராக்டர் இழுத்துட்டு வரும், பக்கத்துல வரும்போது பல்பு சூடு மூஞ்சில அடிக்கும், நவம்பர் குளிர்ல ஜாக்கெட்ட கழட்டலாம் போல இருக்கும். வருஷம் முழுக்க அந்தந்த க்ளப்பு ஆளுங்க ராத்திரி ராத்திரியா வெல்டிங் பண்ணி செய்யறாங்க, சம்பளம் கிடையாது, வழியில மக்கள் போடற காசு தர்மத்துக்குப் போகுது.

சில வண்டில ஆட்டம் பாட்டம், சில வண்டில ஆளுங்க சிலை மாதிரி அசையாம நிப்பாங்க, கொலு பொம்மை மாதிரி. உடம்பு முழுக்க தங்கப் பெயிண்ட் அடிச்ச ஒரு ஆளு, ஒரு கால தூக்கி, கைய நீட்டி நிக்கறாரு, வண்டி குலுங்குது, அவர் குலுங்கல. எங்க முன்னாடி வண்டி நின்னுடுச்சு. பெயிண்ட் மேல வேர்வை ஒரு கோடா இறங்கி தாடையில தொங்குது, விழல, நான் அந்தச் சொட்டையே பாத்துட்டு இருக்கேன். திடீர்னு அந்தக் கண்ணு எனக்குத் தெரிஞ்ச கண்ணுன்னு படுது. எங்க வார்டுக்கு பேஷண்ட்ட தள்ளிட்டு வர்ற போர்ட்டர்! ரெண்டு வருஷமா தினம் பாக்கற ஆளு. அவரும் என்னைப் பாத்துட்டாரு, ஆனா இமை கூட அசையல.

திங்கக்கிழமை காது மடலுக்குப் பின்னாடி கொஞ்சம் தங்கப் பெயிண்ட் இருந்துச்சு. "நீங்கதானே"ன்னேன். "எங்க தாத்தா காலத்துல இருந்து"ன்னுட்டு ஸ்ட்ரெச்சர தள்ளிட்டுப் போயிட்டாரு. கார்னிவல் முடிஞ்சதும் ஹை ஸ்ட்ரீட்ல ஸ்க்விப் கொளுத்துவாங்க பாருங்க, நீளக் கம்பு நுனியில வெடிய கட்டி தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சிட்டு வரிசையா நின்னு ஒரே நேரத்துல, தெருவே நெருப்பு மழை. அத கண்டிப்பா இருந்து பாருங்க, வண்டி முடிஞ்சதும் கிளம்பிடாதீங்க.

சதுப்பு நிலம்:
ஹாம் வால் பறவைச் சரணாலயம். ஸ்டார்லிங் பறவை. நம்ம மைனா குடும்பம்தான், குளிர்காலத்துல சாயங்காலம் லட்சக்கணக்குல நாணல் மேல வந்து இறங்கும். முன்னாடி கரி மண்ணு வெட்டி எடுத்த இடம், வெட்டின பள்ளத்துல தண்ணி நின்னு நாணல் வந்துடுச்சு. அந்த மண்ணு வெட்டும்போதுதான் 1970ல பலகைப் பாதை ஒண்ணு கிடைச்சது, கிமு 3800 வாக்குல போட்டது, கண்டுபிடிச்ச தொழிலாளி பேரையே வச்சு ஸ்வீட் ட்ராக்னு சொல்றாங்க.

நான் போன வச்சு வீடியோ எடுத்துட்டே வீட்டுக்காரர்கிட்ட "அங்க பாருங்க, இங்க பாருங்க"ன்னு பேசிட்டு இருந்தேன். பக்கத்துல ஒரு வயசான அம்மா கண்ண மூடிட்டு நிக்கறாங்க. உடம்பு சரியில்லையோன்னு கேட்டேன். கண்ணு போயிடுச்சும்மா, சத்தத்துக்காக வர்றேன்னாங்க. கூட்டம் எங்க தலைக்கு மேல வந்துச்சு பாருங்க, பட்டுப் புடவைய உதறின மாதிரி ஒரு சத்தம், அப்படியே கடந்து போகுது, அப்புறம் நாணல்ல இறங்கினதும் எண்ணெய்ச் சட்டில அப்பளம் போட்ட மாதிரி படபடன்னு. அந்தம்மா விரல நீட்டி "இப்போ இந்தப் பக்கம், இப்போ பிரிஞ்சிடுச்சு, பருந்து வந்திருக்கும்"ங்கறாங்க. நிமிந்து பாத்தா நிஜமாவே ஒரு பருந்து. வீட்டுக்கு வந்து வீடியோவ போட்டா முழுக்க என் குரல்தான், பறவைச் சத்தம் ஒரு நொடி கூட இல்ல. திரும்பப் போகணும், போன் இல்லாம.

சைவம் 72:
போறவங்க சூரியன் இறங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிடும், திரும்பி வர டார்ச் எடுத்துக்கோங்க. தினம் ஒரே இடத்துல இறங்காது, எங்க இறங்குதுன்னு சொல்ல ஹாட்லைன் இருக்கு, கேட்டுட்டுப் போங்க. விடியக்காலையிலயும் பாக்கலாம், ஒட்டுமொத்தமா கிளம்பும்.

அப்புறம் டான்டன் அக்கா, மாமரத்த மிரட்டறதும் வாஸெயிலும் ஒண்ணு இல்ல. அது மிரட்டல், இது வாழ்த்து. எல்லாத்தையும் நம்மளோட முடிச்சுப் போடத் தேவையில்ல.

டான்டன் அக்கா:
அண்ணா, தாத்தா மிரட்டுனாரு, பாட்டி வாழ்த்துச்சு. இங்கயும் துப்பாக்கிய சுட்டுட்டுதான டோஸ்ட் வைக்கறாங்க? முடிச்சுப் போடல, அவர் கேட்டாரு, நான் பதில் சொல்லல, அது ஒண்ணுதான் எனக்கு. இந்த ஜனவரி போறேன். பொண்ணு பத்து வயசு, இனிமே யாரும் தூக்க முடியாது. அவர் வந்திருந்தா தாத்தா பாட்டி கதைய அப்படியே சொல்லணும், இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கேன், அருவாள்ங்கற இடத்துலதான் நிக்குது, கத்தின்னா சரியா வரல.

பாலாடை:
அக்கா, பில்ஹுக்னு சொல்லுங்க. அங்க வேலிச் செடி வெட்டறவங்க கையில இருக்கும், நுனி அதே மாதிரி வளைஞ்சிருக்கும். சொன்ன உடனே அவருக்குப் புரியும்.